வெறுங்கையோடு அனுப்பாதே: விடுதலையான அடிமைக்கு யூதச் சட்டம் விதித்த கொடை

ஆறு வருஷம் ஒருவர் வீட்டில் அடிமையாக இருந்தவன் ஏழாம் வருஷம் வாசற்படியைத் தாண்டி வெளியே வருகிறான். சட்டப்படி இனி அவனுக்கு எஜமான் இல்லை. ஆனால் அன்று இரவு எங்கே படுப்பான்? மறுநாள் எதைச் சாப்பிடுவான்? சொத்து ஏதாவது இருந்திருந்தால் முதலில் அடிமையாகவே போயிருக்க மாட்டான். கையில் ஒன்றும் இல்லாமல் வெளியே வந்தால் அடுத்த பஞ்சத்திலோ அடுத்த கடனிலோ மறுபடி இன்னொருவர் வாசலில் போய் நிற்பான். அடிமைகளை விடுவிக்கச் சொல்லும் சட்டங்கள் பழைய உலகத்தில் சில உண்டு. விடுவித்த மறுநாளைப் பற்றியும் கவலைப்பட்ட சட்டம் அபூர்வம்.

யூதர்களின் வேதமான தோராவில், உபாகமம் என்ற நூலின் 15ஆம் அதிகாரத்தில், அப்படிப்பட்ட சட்டம் ஒன்று இருக்கிறது. எபிரேய ஆணோ பெண்ணோ உனக்கு விற்கப்பட்டால் ஆறு வருஷம் வேலை செய்யட்டும், ஏழாம் வருஷம் அனுப்பிவிடு. அனுப்பும்போது வெறுங்கையோடு அனுப்பாதே. உன் ஆட்டு மந்தையிலிருந்தும், தானியம் அடிக்கும் உன் களத்திலிருந்தும், உன் திராட்சை ஆலையிலிருந்தும் எடுத்துத் தாராளமாகக் கொடு. கடவுள் உனக்கு எவ்வளவு கொடுத்தாரோ அதற்கேற்பக் கொடு. நீயும் எகிப்தில் அடிமையாக இருந்தவன் என்பதை நினைத்துக்கொள். சாரம் இதுதான். இந்தக் கொடைக்கு எபிரேய வழக்கில் ‘ஹஅனகா’ என்று பெயர். யூத மரபு எண்ணிவைத்திருக்கும் 613 கட்டளைகளில் இது இரண்டு இடங்களைப் பிடிக்கிறது: கொடுக்க வேண்டும் என்பது ஒரு கட்டளை, வெறுங்கையோடு அனுப்பக் கூடாது என்பது தனியாக இன்னொரு கட்டளை.

இதன் அருமை தெரிய வேண்டுமென்றால் பக்கத்தில் இருந்த சட்டங்களையும் பார்க்க வேண்டும். கி.மு. 18ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த பாபிலோனிய அரசன் ஹம்முராபியின் 117ஆம் சட்டம், கடனுக்காக மனைவியையோ பிள்ளையையோ கொடுத்தவனுக்கு அவர்கள் மூன்று வருஷம் உழைத்தபின் நாலாம் வருஷம் விடுதலை என்கிறது. கால அளவில் தோராவைவிட அது இரக்கமானது. கையில் என்ன கொடுத்தனுப்புவது என்ற பேச்சு அதில் இல்லை. தோராவிலேயே யாத்திராகமம் 21ஆம் அதிகாரத்தில் ஆறு வருஷ அடிமைச் சட்டம் ஒன்று முன்னால் வருகிறது. தனியாக வந்தவன் தனியாகப் போவான், மனைவியோடு வந்தவன் மனைவியோடு போவான் என்கிற அளவில் அது நின்றுவிடுகிறது. உபாகமத்தின் சட்டம் அதற்குப் பிற்காலத்தது என்பது பெரும்பாலான ஆய்வாளர்களின் கருத்து. அப்படியானால் பழைய சட்டத்தோடு வாழ்ந்து பார்த்த யாரோ, கதவைத் திறந்துவிட்டால் மட்டும் போதாது என்று கண்டுகொண்டிருக்கிறார்கள். பெண்ணுக்கும் அப்படியே செய் என்று உபாகமம் கூடுதலாகச் சொல்வதும் அந்த அனுபவத்திலிருந்து வந்ததாகத்தான் எனக்குப் படுகிறது.

சரி, இந்த எபிரேய அடிமை யார்? இரண்டு வழிகளில் ஒருவன் இந்த நிலைக்கு வரலாம். திருடிவிட்டு, திருடியதைத் திருப்பிக் கொடுக்க வழியில்லாதவனை நீதிமன்றம் விற்கும்; அந்தப் பணம் பறிகொடுத்தவனுக்குப் போகும். வறுமை தாங்காமல் ஒருவன் தன்னைத் தானே விற்றுக்கொள்வது இரண்டாவது வழி. சட்டத்தின் முதல் பயனாளி திருடன் என்பதை மறந்துவிடக் கூடாது. ஊர் ஒதுக்கிவைக்கும் ஆளைத்தான் வெறுங்கையோடு அனுப்பாதே என்கிறது.

தோரா சொன்னது சில வரிகள். அதை நடைமுறைச் சட்டமாக ஆக்கியவர்கள் பின்னால் வந்த ரப்பிகள் என்ற யூத மத அறிஞர்கள். அவர்களின் வாதங்களைத் தொகுத்த பாபிலோனிய தல்மூதில் ‘கித்துஷீன்’ என்ற பகுதி பெரும்பாலும் திருமண ஒப்பந்தத்தைப் பற்றியது. அதன் முதல் அதிகாரத்திலேயே, பதினைந்தாம் ஏட்டிலிருந்து பதினேழாம் ஏடுவரை, இந்தக் கொடையை எடுத்துவைத்துக்கொண்டு வாதாடுகிறார்கள். அந்த வாதங்கள்தான் எனக்கு இந்த விஷயத்திலேயே மிகப் பிடித்தவை.

முதலில், எதைக் கொடுப்பது? ஆடு, தானியம், திராட்சை ரசம் என்று தோரா மூன்றைச் சொல்கிறது. அந்த மூன்று மட்டும்தானா? இல்லை, மூன்றுக்கும் பொதுவான குணம் எதுவோ அந்தக் குணமுள்ள எதையும் கொடுக்கலாம். அந்தப் பொதுக் குணம், தன்னுள்ளேயே பெருகும் தன்மை. ஆடு குட்டி போடும், தானியம் விதைத்தால் விளையும். ஆகவே பணம் கொடுத்தால் செல்லாது என்கிறார் ரப்பி ஷிமோன், காசு குட்டி போடாது. ரப்பி எலியேசர் பென் யாக்கோப் கோவேறு கழுதையைத் தள்ளுகிறார், அதற்கு இனப்பெருக்கம் இல்லை. தல்மூத் உடனே இருவரையும் ஒருவருக்கு எதிராக ஒருவராக நிறுத்துகிறது. ஷிமோன் ஏன் கோவேறு கழுதையை விட்டுவைத்தார்? அது வளர்ந்து உடம்பு தேறும், விலை கூடும். எலியேசர் ஏன் பணத்தை விட்டுவைத்தார்? பணத்தை வைத்து வியாபாரம் செய்யலாம். இரண்டு பேருக்கும் அடிப்படையில் கேள்வி ஒன்றே: விடுதலையானவன் கைக்குப் போகும் பொருள் அவன் கையில் வளருமா? தின்று தீர்க்கும் பொருளைக் கொடுத்து அனுப்பினால் கட்டளையை நிறைவேற்றியதாகாது. பின்னாளில் யூதச் சட்ட அறிஞர் மைமோனிடெஸ் தமது சட்டத் தொகுப்பில் பணமும் துணியும் இந்தக் கணக்கில் சேராது என்றே தீர்த்தார். இன்றைக்கு நாம் முதலீடு என்கிறோமே, அதைத்தான் அவர்கள் ஆசீர்வாதம் என்றார்கள். ஆட்டைப் பெற்றவன் அடுத்த வருஷம் மந்தைக்காரன்.

அப்புறம், எவ்வளவு? இங்கே மூன்று ரப்பிகள், மூன்று தொகைகள். ரப்பி மெயீர் 15 சேலா (சேலா என்பது ஒரு வெள்ளி நாணயம்) மதிப்பு போதும் என்கிறார். தலைப்பிள்ளையை மீட்க ஆசாரியருக்குத் தரும் தொகை ஐந்து சேலா. அந்தச் சட்டத்திலும் வெறுங்கை என்ற பேச்சு வருவதால் அதே ஐந்தை மூன்று வகைப் பொருளுக்கும் ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்கிறார். ரப்பி ஷிமோன் 50 என்கிறார்; ஓர் ஆளின் மதிப்பை ஆலயத்துக்கு நேர்ந்துகொள்பவர் தர வேண்டிய உச்சத்தொகை அது. நடுவில் ரப்பி யூதா 30 என்கிறார். மாடு முட்டி ஓர் அடிமை செத்துப்போனால் மாட்டுக்காரன் அடிமையின் எஜமானுக்குக் கட்ட வேண்டிய தொகை 30. மைமோனிடெஸ் இந்த முப்பதையே சட்டமாக எடுத்துக்கொண்டார். செத்த அடிமைக்காக எஜமான் வாங்கும் தொகை எதுவோ, உயிரோடு வெளியே போகும் அடிமைக்கு எஜமான் குறைந்தபட்சம் கொடுக்க வேண்டியதும் அதுதான் என்று ஆகிறது. ஒரு சேலாவுக்கு நாலு தினார். கூலியாளுக்கு நாளுக்கு ஒரு தினார் என்று அந்தக் காலத்து வழக்கப்படி வைத்துக்கொண்டால் 30 சேலா ஏறத்தாழ 120 நாள் கூலி. ஒரு பருவம் விதைத்து அறுக்கும்வரை ஒரு குடும்பம் தாக்குப்பிடிக்கும். இது குறைந்தபட்சம்தான். எஜமான் வசதிக்கேற்ப அதற்குமேல் கொடுக்க வேண்டும்.

எஜமானுக்கு அந்த ஆறு வருஷமும் நஷ்டம் என்றால்? ரப்பி எலாசார் பென் அசர்யா, அந்த அடிமையால் வீடு செழித்திருந்தால் கொடு, இல்லையென்றால் வேண்டாம் என்று எழுத்துப்படி எடுத்துக்கொண்டார். மற்றவர்கள் ஒப்புக்கொள்ளவில்லை. வீடு செழித்தாலும் செழிக்காவிட்டாலும் கொடுத்தே ஆக வேண்டும், செழிப்புக்கேற்பத் தொகை கூடும், அவ்வளவுதான் என்றார்கள். அந்தக் கருத்தே நின்றது. லாபம் வந்தால்தான் போனஸ் என்கிற கணக்கு இதில் எடுபடவில்லை.

மூன்றாவது வாதம் இன்னும் நுட்பமானது. இந்தக் கொடை கூலியா, தர்மமா? ‘அவனுக்குக் கொடு’ என்று தோரா சொல்கிறது. அவனுக்கு என்றால் அவன் வாரிசுகளுக்கு இல்லை என்று ஒரு யோசனை முதலில் வருகிறது. தல்மூத் அதை மறுக்கிறது: இதே இடத்தில் தோரா அவனைக் கூலியாளோடு ஒப்பிடுகிறது, கூலியாள் செத்தால் அவன் கூலி பிள்ளைகளுக்குச் சேரும், ஆகவே இதுவும் சேரும். அப்படியானால் ‘அவனுக்கு’ என்ற சொல் யாரை விலக்குகிறது? அவனுக்குக் கடன் கொடுத்தவனை. சாதாரணமாக ஒருவனுக்கு வரவேண்டிய தொகையை அவனுக்குக் கடன் கொடுத்தவன் இடையில் மறித்து வாங்கிக்கொள்ள யூதச் சட்டம் இடம் கொடுக்கிறது. இந்தக் கொடையை மட்டும் அப்படி மறிக்க முடியாது. ஆக, பிள்ளைகள் விஷயத்தில் இது கூலி, உழைத்தவன் உரிமை. கடன் கொடுத்தவன் விஷயத்தில் இது கூலியைவிடவும் பத்திரமானது. அடிமையானவனுக்குப் பழைய கடன் பாக்கி இல்லாமலா இருக்கும்? ஒரு கையால் கொடுத்ததை வாசலில் நிற்கும் வட்டிக்காரன் மறு கையால் பிடுங்கிக்கொண்டால் ஆடும் தானியமும் எதற்கு? சட்டம் எழுதியவர்கள் ஏழையின் வாழ்க்கையைக் கிட்டத்தில் இருந்து பார்த்திருக்கிறார்கள் என்பதற்கு இந்த ஒரு விதியே போதும்.

யாருக்குக் கிடைக்கும் என்பதிலும் கணக்கு உண்டு. ஆறு வருஷம் முடித்தவனுக்கும், ஐம்பதாம் வருஷமான யோவேல் ஆண்டில் விடுதலையானவனுக்கும், எஜமான் இறந்ததால் விடுதலையானவனுக்கும், பருவமடைந்ததும் விடுதலையாகும் சிறுமிக்கும் உண்டு. தப்பி ஓடியவனுக்கு இல்லை. மீதி வருஷங்களுக்கான பணத்தைக் கட்டித் தன்னை மீட்டுக்கொண்டவனுக்கும் இல்லை என்றே மைமோனிடெஸ் எழுதுகிறார். என்னால் ஏற்க முடியாத விதி இதற்கு அடுத்தது: நீதிமன்றம் விற்ற திருடனுக்குக் கொடை உண்டு, வறுமையால் தன்னைத் தானே விற்றுக்கொண்டவனுக்குக் கிடையாது. தல்மூதில் ரப்பி எலாசார் இருவருக்கும் உண்டு என்று வாதாடினார். அவர் பக்கம் தீர்ப்பு நிற்கவில்லை. தன்னை விற்றுக்கொள்வதே தவறு, கடவுளுக்கு மட்டும் அடிமையாக இருக்க வேண்டியவன் மனிதனைத் தேடிப் போகலாமா என்ற எண்ணம் ரப்பிகளிடம் பலமாக இருந்தது. ஏழாம் வருஷம் போக மறுப்பவனின் காதைக் கதவோடு வைத்துக் குத்தச் சொல்லும் விதிக்கு யோஹனான் பென் சக்காய் தந்த விளக்கமும் அதுதான்: சீனாய் மலையில் அந்த வார்த்தையைக் கேட்ட காது, போய் இன்னொரு எஜமானைத் தேடிக்கொண்டதே. சுதந்திரத்தை இவ்வளவு உயர்வாக நினைத்த மனம், பட்டினியால் அதை இழந்தவனைக் கைவிட்டிருக்கக் கூடாது.

இதைவிடப் பெரிய குறையும் உண்டு. இந்தச் சட்டம் முழுவதும் எபிரேயச் சகோதரனுக்கு மட்டும். பிற இனத்து அடிமையை வாழ்நாள் முழுக்க வைத்துக்கொள்ளலாம், பிள்ளைகளுக்குச் சொத்தாக விடலாம் என்று லேவியராகமம் 25 வெளிப்படையாகச் சொல்கிறது. எஜமான் சேர்த்துவைத்த மனைவியும் அவளுக்குப் பிறந்த பிள்ளைகளும் எஜமானுக்கே என்று யாத்திராகமம் 21 சொல்கிறது. ஆட்டோடும் தானியத்தோடும் வெளியே வந்தவன் தன் குழந்தையை உள்ளே விட்டுவிட்டு வந்திருக்கலாம். இந்தக் கட்டளையைப் பாராட்டும்போது இதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

இந்தக் கட்டளையின் வேர் எகிப்தில் இருக்கிறது. தோரா இதற்குத் தரும் காரணம் இரக்கம் மட்டும் இல்லை, நினைவு. எகிப்திலிருந்து புறப்படும்போது நீங்கள் வெறுங்கையோடு போகமாட்டீர்கள் என்று கடவுள் மோசேயிடம் சொல்கிறார். இஸ்ரவேலர் எகிப்தியரிடம் வெள்ளியும் பொன்னும் துணியும் கேட்டு வாங்கிக்கொண்டு கிளம்புகிறார்கள். அதற்கு முன்னால், மாமனார் லாபானிடம் 20 வருஷம் உழைத்த யாக்கோபு, கடவுள் துணை இல்லாவிட்டால் என்னை வெறுங்கையோடு அனுப்பியிருப்பாய் என்று முகத்துக்கு நேரே சொல்கிறான். தன் முன்னோர் பட்டதை நினைத்துக்கொண்டுதான் எஜமான் களத்துக்குப் போய்த் தானியம் அளக்க வேண்டும்.

அந்த எகிப்திய வெள்ளி பற்றித் தல்மூதில், ‘சன்ஹெத்ரீன்’ பகுதியின் 91ஆம் ஏட்டில், ஒரு கதை வருகிறது. மாசிடோனிய அலெக்சாண்டர் முன்னால் எகிப்தியர் வழக்குப் போடுகிறார்கள்: எங்கள் வெள்ளியையும் பொன்னையும் வாங்கிப் போனதாக உங்கள் வேதமே ஒப்புக்கொள்கிறது, திருப்பிக் கொடுங்கள். கெவிஹா பென் பெசிசா என்ற ஆள் வாதாட முன்வருகிறான். நான் தோற்றால் ஒரு சாமானியனைத்தான் வென்றீர்கள் என்று சொல்லிவிடுங்கள், ஜெயித்தால் மோசேயின் தோரா ஜெயித்தது என்று சொல்லுங்கள் என்று ரப்பிகளிடம் அனுமதி வாங்கிக்கொண்டு போகிறான். அலெக்சாண்டர் முன்னால் அவன் கேட்டது ஒரே கேள்வி. எந்த வேதத்தை ஆதாரமாகக் காட்டுகிறீர்களோ அதே வேதம் எங்கள் மக்கள் 430 வருஷம் எகிப்தில் இருந்தார்கள் என்கிறது. ஆறு லட்சம் பேரை வேலை வாங்கினீர்களே, அவர்கள் கூலி எங்கே? எகிப்தியர் மூன்று நாள் அவகாசம் கேட்டார்கள். பதில் கிடைக்கவில்லை. விதைத்த வயலையும் நட்ட திராட்சைத் தோட்டத்தையும் போட்டுவிட்டு ஓடிவிட்டார்கள் என்று கதை முடிகிறது. வரலாறாக இதை எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. அடிமையின் உழைப்பு கணக்கில் நிற்கும் கடன், எத்தனை தலைமுறை கழித்துக் கேட்டாலும் அது கடன்தான் என்று அந்த ரப்பிகள் நினைத்தார்கள் என்பது இதில் தெளிவாகத் தெரிகிறது.

சட்டம் இருந்தது, நடந்ததா? எரேமியா 34ஆம் அதிகாரம் சொல்வது வேதனையானது. பாபிலோன் படை எருசலேமை முற்றுகையிட்டிருந்த நேரத்தில் சிதேக்கியா ராஜா எபிரேய அடிமைகளை விடுவிப்பதாக மக்களோடு உடன்படிக்கை செய்தான். விடுவித்தார்கள். முற்றுகை கொஞ்சம் தளர்ந்ததும் அதே ஆட்களை மறுபடி பிடித்து அடிமையாக்கினார்கள். ஆறு வருஷச் சட்டத்தை உங்கள் முன்னோர் கேட்கவே இல்லை என்று எரேமியா சாடுகிறார். கொடை கொடுத்ததாக அங்கே ஒரு வார்த்தையும் இல்லை. முற்றுகைக்குள் சிக்கிய ஊரில், கையில் ஒன்றும் இல்லாமல் தெருவுக்கு வந்தவர்களை மறுபடி பிடிப்பதற்கு அதிகம் பாடுபட வேண்டியிருந்திருக்காது.

பல நூற்றாண்டு கழித்து இதே கதை இன்னும் பெரிய அளவில் நடந்தது. 1833இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் அடிமை முறையை ஒழித்தபோது இரண்டு கோடி பவுண்ட் இழப்பீடு ஒதுக்கியது, அத்தனையும் எஜமான்களுக்கு. 1862 ஏப்ரலில் அமெரிக்கத் தலைநகர் வாஷிங்டனின் அடிமைகளை விடுவித்த சட்டமும் எஜமானுக்கு ஆளுக்கு 300 டாலர் வரை கொடுத்தது. விடுதலையானவருக்கு 100 டாலர் வரை உண்டு, நாட்டைவிட்டு ஹெய்ட்டிக்கோ லைபீரியாவுக்கோ போவதாக இருந்தால். 1865 ஜனவரியில் ஜெனரல் ஷெர்மன் விடுதலையான குடும்பங்களுக்கு 40 ஏக்கர் வரை நிலம் ஒதுக்கி உத்தரவிட்டார். அதே வருஷம் ஜனாதிபதி ஆண்ட்ரூ ஜான்சன் நிலத்தைப் பழைய உடைமையாளர்களுக்கே திருப்பிவிட்டார். நிலமற்ற விடுதலை குத்தகைக்கும் தீராக் கடனுக்கும் கொண்டுபோய் விட்டது. 2014இல் அமெரிக்க எழுத்தாளர் டா-நெஹிசி கோட்ஸ் கறுப்பின மக்களுக்கு இழப்பீடு கேட்டு எழுதிய புகழ்பெற்ற கட்டுரை உபாகமம் 15இன் இதே வரிகளைத் தலையில் வைத்துத்தான் தொடங்குகிறது.

யூத மரபுக்குள் இந்தச் சட்டம் நடைமுறையில் இல்லாமல் போய் மிக நீண்ட காலம் ஆகிறது. யோவேல் ஆண்டு அனுசரிக்கப்படும் காலத்தில்தான் எபிரேய அடிமை என்ற நிலையே செல்லும் என்பது தல்மூதின் விதி. கோத்திரங்கள் சில நாடுகடத்தப்பட்டதோடு யோவேலும் நின்றுபோனது. அடிமை இல்லை, ஆகவே கொடையும் இல்லை. இப்படிப் பழங்கணக்காகிப்போன கட்டளையை 13ஆம் நூற்றாண்டு ஸ்பெயினில் ஒருவர் மறுபடி கையில் எடுத்தார். 613 கட்டளைகளையும் ஒவ்வொன்றாக விளக்கும் ‘செஃபெர் ஹகினூக்’ நூலின் ஆசிரியர் பெயர் உறுதியாகத் தெரியாதது. இது பழைய காலத்துச் சட்டம் என்று ஒப்புக்கொண்டபின் அவர் கூடவே சொல்கிறார்: இந்தக் காலத்திலும் புத்தியுள்ளவன் இதிலிருந்து கற்றுக்கொள்ளட்டும், ஒருவரைக் கூலிக்கு வைத்து அவர் நீண்ட காலமோ குறுகிய காலமோ வேலை செய்துவிட்டுப் போகும்போது, கடவுள் தனக்குத் தந்ததிலிருந்து அவருக்கும் கொடுத்து அனுப்பட்டும். அடிமைக்கு என்றிருந்தது தொழிலாளிக்கு என்று மாறியது இந்த இடத்தில்.

20ஆம் நூற்றாண்டில் யூதத் தொழிலாளர் அமைப்புகள் பாலஸ்தீனத்திலும் பின்னர் இஸ்ரேலிலும் பணிநீக்க இழப்பீடு கேட்டபோது, மத ரீதியாக அதற்கு அடிப்படை உண்டா என்ற கேள்வி ரப்பிகள் முன் வந்தது. பலர் இந்தக் கட்டளையைத்தான் எடுத்துப் பார்த்தார்கள். 1939 முதல் 1953 வரை செபார்டி யூதர்களின் தலைமை ரப்பியாக இருந்த பென் சியோன் உசியேலும் அவர்களில் ஒருவர். கறாராகப் பார்த்தால் அடிமைச் சட்டத்தைக் கூலியாளுக்கு அப்படியே பொருத்த முடியாது. ஆனால் வேலை ஒப்பந்தத்தில் ஊர் வழக்கமே சட்டம் என்கிறது தல்மூதுக்கு அடிப்படையான மிஷ்னா. இழப்பீடு கொடுப்பது ஊர் வழக்கமாகிவிட்டால் மத நீதிமன்றமும் அதைக் கட்டாயப்படுத்தலாம். வழக்கம் ஊன்றிய பிறகு 1963இல் இஸ்ரேல் நாடாளுமன்றம் பணிநீக்க இழப்பீட்டுச் சட்டத்தை நிறைவேற்றியது. ஒரு வருஷம் வேலை செய்தபின் நீக்கப்பட்ட மாதச் சம்பளக்காரருக்கு, வேலை செய்த ஒவ்வொரு வருஷத்துக்கும் ஒரு மாதச் சம்பளம்.

ஆறு வருஷத்துக்குக் கணக்குப் போட்டால் ஆறு மாதச் சம்பளம். ரப்பி யூதாவின் முப்பது சேலாவுக்கும் ரப்பி ஷிமோனின் ஐம்பதுக்கும் இடையில் எங்கோ வந்து விழுகிறது. முதலாளி இறந்ததால் வேலை போனாலும் இழப்பீடு உண்டு. தொழிலாளி இறந்தால் அது அவர் குடும்பத்துக்குச் சேரும். தானாக வேலையை விட்டுப் போனால், சில விதிவிலக்குகள் தவிர, கிடையாது. கித்துஷீன் ஏடுகளைப் படித்த ஒருவருக்கு இதில் ஒன்றும் புதிதாகத் தோன்றாது. பழைய சட்டம் மூடிவைத்திருந்த ஒரு கதவை மட்டும் இது திறந்திருக்கிறது. இஸ்ரேலில் முதியவர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்கு இந்தியாவிலிருந்தும் இலங்கையிலிருந்தும் நேபாளத்திலிருந்தும் பிலிப்பைன்ஸிலிருந்தும் போனவர்கள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். பார்த்துக்கொண்ட முதியவர் இறந்துவிட்டால் அந்தப் பணிப்பெண்ணுக்கு அவர் குடும்பம் வருஷக் கணக்குப்படி இழப்பீடு கொடுத்தாக வேண்டும். அவள் யூதப் பெண்ணாக இருக்க வேண்டும் என்ற நிபந்தனை 1963ஆம் வருஷச் சட்டத்தில் இல்லை.